சொல்லத் தெரியாத வயிற்று வலி: அறிவுசார் மாற்றுத்திறனாளிகளும் மலச்சிக்கலும்

கரண்ட் பில் கட்டக் கடைசித் தேதி எது என்று கேட்டால் போனைப் பார்த்துச் சொல்லிவிடுவோம். கேஸ் எப்போது புக் செய்தோம், ரேஷனில் என்றைக்குப் பொருள் வாங்கினோம் என்பதற்குக்கூட குறுஞ்செய்தி இருக்கிறது. உங்கள் வீட்டில் அறிவுசார் குறைபாடு உள்ள மகனோ மகளோ, தம்பியோ சித்தியோ இருந்தால், அவர் கடைசியாக எந்தக் கிழமை மலம் கழித்தார் என்று யோசித்துப் பாருங்கள். "முந்தாநாள் போனான்னு நினைக்கிறேன்", "பாத்ரூம் உள்ள போயிட்டு வந்தாளே, போயிருப்பா" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

இதெல்லாம் போய் மின்னிதழில் எழுதணுமா என்று சிலருக்குத் தோன்றலாம். எழுதத்தான் வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் மலச்சிக்கல் மற்றவர்களைவிட மிக அதிகம். கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுக்கும் அளவுக்குப் போகக்கூடியது. நேரத்தில் கண்டுபிடித்தால் எளிதாகச் சரிசெய்யக்கூடியதும் இதுதான். நடுவில் தடையாக நிற்பது ஒரே ஒரு விஷயம்: பாதிக்கப்பட்டவருக்கு அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாது, நமக்கோ அதைக் கேட்கக் கூச்சம்.

இங்கிலாந்தில் 2012-ல் நடந்த ஒரு மரணம் இதற்குக் கண்கூடான உதாரணம். டவுன் சிண்ட்ரோம் உள்ள 33 வயது இளைஞர் அவர். சின்ன வயதிலிருந்தே மலச்சிக்கல் உண்டு. குடும்பத்துக்கும் தெரியும், பராமரித்தவர்களுக்கும் தெரியும். என்ன சாப்பிட வேண்டும், எப்படிக் கவனிக்க வேண்டும் என்று பல வருடங்கள் ஒழுங்காகப் பார்த்து வந்தார்கள். பிறகு அவர் தங்கியிருந்த இல்லத்தின் பராமரிப்பு முறை மாறியது. அந்த மாற்றத்தில் உணவுக் கட்டுப்பாடும் தினசரிக் கவனிப்பும் கை நழுவிப் போயின. வயிறு பெரிதாக வீங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அறுவை சிகிச்சை அறையில் வெளியே எடுக்கப்பட்ட மலத்தின் அளவு சுமார் 10 கிலோ. அவர் பிழைக்கவில்லை. 2018-ல் நடந்த மரண விசாரணைக்குப் பிறகு அந்த நாட்டில் இந்தப் பிரச்சினையைப் பற்றி வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார்கள். நாமும் பேசலாம்.

வலி வேறு வேஷத்தில் வரும்

நமக்கு இரண்டு நாள் போகவில்லை என்றால் "வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்போம், ஒரு பப்பாளியோ வாழைப்பழமோ சாப்பிடுவோம். பேச்சு வராத ஒருவருக்கு இந்த வசதி இல்லை. பேசத் தெரிந்தவர்களில்கூட பலருக்கு வலி எங்கே என்று காட்டத் தெரியாது. அதனால் உள்ளே இருக்கும் வலி வெளியே வேறு உருவத்தில் வருகிறது.

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பவர் சிடுசிடு என்று இருப்பார். ராத்திரி தூங்காமல் நடப்பார். தலையைச் சுவரில் முட்டிக்கொள்வார், தன் கையைத் தானே கடிப்பார், பக்கத்தில் வருபவரை அடிப்பார். முன்னால் குனிந்து வயிற்றை அழுத்திக்கொண்டு உட்காருவார். கால்களைப் பின்னிக்கொண்டு நிற்பார். ஆசனவாயில் விரலை விடுவது, மலத்தைச் சுவரில் பூசுவது போன்றவற்றைப் பார்த்து நாம் கோபப்படுகிறோம். உள்ளே இருப்பது வெளியே வராமல் அவர் படும் பாடாக அது இருக்கலாம். சிலருக்கு மலம் நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் அடிக்கடி படுக்கை நனையும், சிறுநீர்த் தொற்றும் வரும்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. "அவன் எப்பவும் இப்படித்தாங்க" என்று வீட்டில் சொல்கிறோம். மருத்துவரும் சில நேரம் "இது குறைபாட்டின் ஒரு பகுதி" என்று எடுத்துக்கொள்கிறார். உடனே அமைதிப்படுத்தும் மருந்தின் அளவு கூடுகிறது. அந்த மருந்துகளில் பலவும் குடல் அசைவை மந்தமாக்கக் கூடியவை. மலச்சிக்கல் இன்னும் இறுகும், வலி கூடும், அடம் கூடும், மறுபடியும் மருந்து கூடும். இந்தச் சுழலுக்குள் பல மாதங்கள் மாட்டிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. நடத்தையில் திடீர் மாற்றம் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் பல், காது, வயிறு. மனநல மருத்துவரிடம் போகும்போதும் "வயிற்றைத் தொட்டுப் பார்த்துடுங்க டாக்டர்" என்று கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை.

தண்ணியா போகுதே, இது எப்படி மலச்சிக்கல்?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பெருங்குடலின் முக்கிய வேலை, வரும் கழிவிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது. மலம் எவ்வளவு நாள் உள்ளே தங்குகிறதோ அவ்வளவு காய்ந்து கல்லாகும். கல்லாகி மலக்குடலை அடைத்துக்கொண்ட பிறகு, மேலிருந்து வரும் இளகிய மலம் அந்தக் கல்லைச் சுற்றி ஓரமாகக் கசிந்து வெளியே வரும். உள்ளாடையில் நாள் முழுக்கக் கறை, திடீர் திடீரென்று தண்ணியாகப் போவது, நாற்றம். பார்க்கிறவர்களுக்கு இது பேதி மாதிரியே இருக்கும்.

பேதி என்று நினைத்து கடையில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் கதை கெட்டது. ஏற்கெனவே அடைத்திருக்கும் குடலை மேலும் முடக்கிவிடுவோம். பல நாள் போகாமல் இருந்துவிட்டு அதன் பிறகு கசிய ஆரம்பித்தால், அல்லது வயிறு கட்டியாக இருக்கும்போதே கசிந்தால், மருத்துவர் பார்க்கும்வரை அந்த மாத்திரை வேண்டாம்.

இன்னொன்று. பல மாதங்களாக விரிந்தே இருக்கும் மலக்குடல், "நிரம்பிவிட்டது" என்ற உணர்வை மூளைக்கு அனுப்புவதை மறந்துபோகும். அவர் உட்கார்ந்த இடத்திலேயே கழித்துவிடுவதற்குச் சோம்பலோ அடமோ காரணமாக இருக்க வேண்டியதில்லை. உணர்வே தெரியாமல் இருக்கலாம். அதற்காக அடிப்பதும் திட்டுவதும் அவரை இன்னும் அடக்கிவைக்கத்தான் பழக்கும்.

ஏன் இவர்களுக்கு அதிகம்?

ஒரே காரணம் இருப்பதில்லை. மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு வயிற்றுத் தசையும் இடுப்புத் தசையும் ஒத்துழைக்காது, நடமாட்டமும் குறைவு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தசைத் தளர்ச்சியோடு தைராய்டு குறைபாடும் பரவலாக உண்டு. தைராய்டு குறைந்தாலே குடல் மந்தமாகும், எனவே அந்த ரத்தப் பரிசோதனையை அவ்வப்போது செய்ய வேண்டும். ஆட்டிசம் உள்ள சிலர் வெள்ளைச் சோறு, பிஸ்கட், சிப்ஸ் தவிர எதையும் தொட மாட்டார்கள். மண், நூல், முடி போன்றவற்றை விழுங்கும் பழக்கம் உள்ளவர்களுக்குக் குடல் அடைப்பே ஏற்படலாம்.

வெளியே சொல்லப்படாத ஒரு காரணமும் இருக்கிறது. வளர்ந்த பிள்ளையைத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோவது ஒரு தாய்க்கு எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் பயணத்தின்போது, பள்ளிக்குப் போகும்போது, ராத்திரியில் என்று தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். பகல் நேர மையத்தில் தோதான கழிப்பறை இல்லை என்றால் பிள்ளை காலை முதல் மாலை வரை அடக்கிக்கொள்கிறது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. தண்ணீர் குறைகிறது என்றால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கைப்பிடி, கமோடு நாற்காலி, உதவி ஆள் என்று அதற்கு வேறு வழி தேட வேண்டும்.

மாத்திரைச் சீட்டை ஒருமுறை பாருங்கள்

மருந்துச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மனநல மருந்துகளால் வரும் கை நடுக்கத்தையும் இறுக்கத்தையும் குறைக்கக் கொடுக்கப்படும் ட்ரைஹெக்ஸிபெனிடில், எச்சில் ஒழுகுவதைக் குறைக்கும் கிளைக்கோபைரோலேட், ஓலன்சபின், குளோசபின் போன்ற மனநல மருந்துகள், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், கோடீன் கலந்த இருமல் மருந்து, சில அலர்ஜி மாத்திரைகள், சில வலிப்பு மருந்துகள் எல்லாமே மலத்தை இறுக்கக் கூடியவை. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். குளோசபின் விஷயத்தில் தனி எச்சரிக்கை தேவை. அதனால் வரும் கடுமையான மலச்சிக்கல் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் தன் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும். "இந்த மருந்தால மலச்சிக்கல் வருமா? வந்தா என்ன செய்யணும்?" என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். தேவையில்லாததைக் குறைப்பார், தேவையானதோடு மலம் இளக்கும் மருந்தையும் சேர்த்துத் தருவார்.

போனில் எழுதி வைப்பது

தனி செயலி எதுவும் தேவையில்லை. போனில் இருக்கும் காலண்டரோ நோட்ஸோ போதும். எழுதத் தெரியாத பாட்டி கவனித்துக்கொள்கிறார் என்றால் தினமும் ஒரு குரல் பதிவு போதும்: "இன்னிக்கு காலைல போனான், கெட்டியா இருந்துச்சு."

மலம் எப்படி இருந்தது என்று சொல்ல உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஓர் அட்டவணை இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உருவாக்கி 1997-ல் வெளியிட்டது. மலத்தை 7 வகையாகப் பிரிக்கிறது. 1 என்றால் ஆட்டுப் புழுக்கை மாதிரி தனித்தனி உருண்டை. 2 என்றால் உருண்டைகள் ஒட்டிய கட்டி. 3-ம் 4-ம் நல்ல மலம். 4 வாழைப்பழம் போல வழவழப்பாக இருக்கும். 5 மெதுவான துண்டுகள், 6 கூழ் மாதிரி, 7 வெறும் தண்ணீர். தேதிக்குப் பக்கத்தில் இந்த எண்ணை மட்டும் குறித்தால் போதும். வாரத்துக்கு 3 முறைக்குக் குறைவாகப் போனாலோ, 1, 2 என்றே வந்துகொண்டிருந்தாலோ, முக்கி அழுதாலோ அது மலச்சிக்கல். தினமும் போகிறவருக்கும் மலச்சிக்கல் இருக்கலாம். தினம் இரண்டு புழுக்கை விழுந்தால் அது போனதாகக் கணக்கில்லை.

சாப்பிட்ட அளவு, குடித்த தண்ணீர், வலிப்பு வந்த நாள், அடம் பிடித்த நாள் இவற்றையும் அதே பக்கத்தில் எழுதினால், ஒரு மாதத்தில் ஏதாவது ஓர் ஒழுங்கு தெரியவரலாம். போகாத மூன்றாவது நாளில்தான் தலையை முட்டுகிறான் என்பது அப்படித்தான் பிடிபடும்.

மருத்துவரிடம் காட்டப் போட்டோ எடுப்பதும் உண்டு. எடுத்தால் மலத்தை மட்டும் எடுங்கள், ஆள் தெரியக் கூடாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், காட்டி முடித்ததும் அழித்துவிடுங்கள். அவருக்கும் மானம் உண்டு.

சிறப்புப் பள்ளி, இல்லம், பகல் நேர மையம் என்று பிள்ளை போய்வந்தால் இந்தக் குறிப்பு இரண்டு பக்கமும் போக வேண்டும். அம்மா மையத்தில் போயிருப்பான் என்று நினைக்க, மையம் வீட்டில் போயிருப்பான் என்று நினைக்க, ஒரு வாரம் ஓடிவிடும்.

சாப்பாடு, தண்ணீர், உட்காரும் விதம்

கீரை, அவரைக்காய், வாழைத்தண்டு, கொய்யா, பப்பாளி, ஊறவைத்த உலர் திராட்சை, கம்பு, கேழ்வரகு என்று நம் ஊரில் நார்ச்சத்துக்குப் பஞ்சமில்லை. நாரை மெதுவாகக் கூட்டுங்கள், கூடவே தண்ணீரையும் கூட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் நார் மட்டும் கூடினால் அடைப்புதான் கூடும். வெறும் தண்ணீர் குடிக்க மறுப்பவருக்கு ரசம், மோர், இளநீர், தர்பூசணி, வெள்ளரி வழியாக உள்ளே அனுப்பலாம். விழுங்கும்போது புரையேறுகிறவர்களுக்குத் தண்ணியான பானத்தைவிடக் கூழ் பதம் தோதாக இருக்கலாம். பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துச் சரியான பதத்தைச் சொல்வார். இருதயம், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குத் தண்ணீர் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாப்பாடு இரைப்பையில் விழுந்ததும் பெருங்குடல் தானாக ஓர் உந்து கொடுக்கும். காலை உணவுக்குப் பிறகு கால் மணி, அரை மணி நேரத்துக்குள் அவரைக் கழிப்பறையில் உட்கார வைத்தால் அந்த உந்துதலைப் பயன்படுத்திக்கொள்ளலாம். 5 முதல் 10 நிமிடம் போதும். போனாலும் போகாவிட்டாலும் ஒரு பாராட்டு. வெஸ்டர்ன் கமோடில் கால் தொங்கினால் முக்க முடியாது. காலுக்கடியில் ஒரு முக்காலி போட்டு, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காரச் செய்யுங்கள். குந்தி உட்காரும்போது மலக்குடல் நேராவது போலவே இதிலும் ஆகும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "வந்துச்சா, வந்துச்சா" என்று கேட்டால் நமக்கே வராது, அவருக்கு எப்படி வரும்?

வீட்டு வைத்தியமும் மருந்தும்

வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி வைப்பது, சோப்புத் துண்டு வைப்பது எல்லாம் இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. புண்ணாகும், பயம் வரும், அடுத்த முறை இன்னும் இறுக்கி அடக்குவார். விட்டுவிடுங்கள். விளக்கெண்ணெயையும் லிக்விட் பாரஃபின் கலந்த மருந்தையும் விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு மூக்கைப் பிடித்து ஊற்றவே கூடாது. எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் கெட்டுவிடும். இசப்கோல் உமியும் அப்படித்தான். ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடிக்க முடியாதவருக்கு அது தொண்டையிலோ குடலிலோ கட்டியாக நிற்கலாம்.

மருத்துவர்கள் அதிகம் எழுதுவது லாக்டுலோஸ் திரவமும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொடியும். இரண்டும் குடலுக்குள் தண்ணீரை நிறுத்தி மலத்தை இளக்கும். அடைத்துக் கிடக்கும் பழைய மலத்தை வெளியேற்ற முதலில் அதிக அளவும், பிறகு பல மாதங்களுக்குப் பராமரிப்பு அளவும் தேவைப்படும். முதல் சில நாள் கசிவு அதிகமாவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. "ஒரு வாரம் நல்லா போச்சு, அதான் நிறுத்திட்டோம்" என்பதும் வழக்கம். விரிந்த குடல் பழைய நிலைக்குச் சுருங்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை தொடர வேண்டும். பழகிவிடும் என்ற பயத்தை மருத்துவரிடமே கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். எனிமாவை வீட்டில் அடிக்கடி கொடுப்பது சரியல்ல.

உடனே 108

வயிறு வீங்கிக் கட்டியாகி, மலமும் வாயுவும் போகாமல், வாந்தியும் சேர்ந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். வாந்தி பச்சையாக இருந்தாலோ மல வாடை அடித்தாலோ, காய்ச்சலோடு வயிற்றைத் தொடவிடாமல் துடித்தாலோ, ரத்தம் நிறையப் போனாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து துவண்டு கிடந்தாலோ அதேதான். 108-ஐ அழைத்து, அறிவுசார் குறைபாடு உள்ளவர், வலியைச் சொல்லத் தெரியாதவர் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

யாரிடம் போவது?

முதலில் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது இந்தப் பிரச்சினையில் முக்கியம், ஆகவே முதல் முறை நேரில் போவதே நல்லது. பிறகு மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்க இ-சஞ்சீவனி செயலி வழியாக வீடியோவில் மருத்துவரைப் பார்க்கலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். சந்தேகம் கேட்க 104 உண்டு. 18 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்றால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் குழந்தை மருத்துவரோடு பயிற்சியாளர்களும் ஒரே இடத்தில் இருப்பார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையாளரிடமும் நோய்த் தணிப்புச் செவிலியரிடமும் இதைப் பற்றிக் கேளுங்கள். கால், வயிறு அசைவுக்கான பயிற்சியையும் உட்கார வைக்கும் விதத்தையும் கற்றுத் தருவார்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோ யூ.டி.ஐ.டி. அட்டையோ கையில் இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் 25-வது பிரிவு, மருத்துவரைப் பார்ப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை தரச் சொல்கிறது. கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாத பிள்ளையோடு இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்கத் தேவையில்லை. அட்டையைக் காட்டிக் கேளுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு இருக்கிறது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. மற்ற பல காப்பீடுகளைப் போலப் படுக்கையில் சேர்ந்தால்தான் என்றில்லாமல், புறநோயாளி சிகிச்சை, மருந்து, பரிசோதனைச் செலவுகளுக்கும் அதில் வரம்புக்குட்பட்டு இடம் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம்.

போகும் நாளில் போனில் உள்ள குறிப்பு, மருந்துச் சீட்டுகள், மாற்று உடை ஒரு செட் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் வயிற்றைத் தொடுவதற்கு முன் பிள்ளையிடம் "டாக்டர் வயித்த தொட்டுப் பாப்பாரு, வலிச்சா என் கையை அமுக்கு" என்று வீட்டிலேயே இரண்டு நாள் பழக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.